நாலு சிலிண்டரிலும் ஒரே அளவு

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு எதிர்வீட்டு ஐரி எங்கள் கதவைத் தட்டினாள். வெளியே மைனஸ் இருபத்தாறு. கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல் ஓடி வந்திருந்தாள்.

"இழுக்குற கயிறு இருக்கா உங்கிட்ட?"

"இருக்கு. என்ன ஆச்சு?"

"வண்டி ஸ்டார்ட் ஆகல. பேட்டரி நல்லாத்தான் இருக்கு. சுத்துது, சுத்துது, பிடிக்கவே மாட்டேங்குது. சோல்வெய் பட்டறைக்குக் கொண்டு போகணும். இன்னிக்கே."

ஏன் இன்றைக்கே என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊர் யார்க்கவாராவில் மொத்தமே நாற்பது வீடுகள். அவள் புருஷன் ரூனே திங்கட்கிழமை மறுபடியும் பள்ளிக்கூட பஸ்ஸை எடுக்கப் போகிறான் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். பஸ் நிற்கும் கொட்டகை பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காலை ஐந்தே முக்காலுக்கு அங்கே போய்ச் சேரச் சொந்த வண்டி வேண்டும்.

நவம்பரில் ஒரு விபத்து நடந்தது. ஏரியை ஒட்டிய வளைவில், மரம் ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்தது. அது கிளப்பிய பனித்தூளில் ரூனேக்கு ரோடு தெரியாமல் போய்விட்டது. வெறும் வெள்ளை. லாரிக்கு வழிவிட்டு பஸ்ஸை வலது பக்கப் பள்ளத்தில் இறக்கினான், பஸ் சாய்ந்துவிட்டது. உள்ளே பதினொரு பிள்ளைகள். எங்கள் ஊர்க்காரன் ஷெல்லின் மகள் எல்வீராவுக்குக் காறை எலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். ஒருத்தர்கூட ரூனேயைக் குறை சொல்லவில்லை. அவன் வேறு மாதிரி திருப்பியிருந்தால் பிள்ளைகள் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவனுக்கு மூன்று மாதம் மருத்துவ விடுப்பு கொடுத்தார்கள். மாற்று டிரைவர் வெள்ளிக்கிழமையோடு தன் ஊருக்குத் திரும்பிவிட்டான்.

நான் என் வண்டியில் கயிற்றைக் கட்டினேன். பின்னால் அவர்கள் வண்டியில் ஐரி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். ரூனே வாசல் படியில் வீட்டுச் செருப்போடு நின்றான்.

"விடு ஐரி. பேட்டரிதான். நான் பாத்துக்கறேன்."

"எப்பப் பாப்ப? ஞாயித்துக்கிழமை ராத்திரியா?"

"குளிருக்கு அப்படித்தான் இருக்கும்."

"இந்தக் குளிர் நேத்து வந்ததா? வர்றியா, இல்லையா?"

முட்டி வலிக்கிறது என்றான். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சோல்வெய்யின் பட்டறை முன்பு தீயணைப்பு வண்டி நின்ற கட்டிடம். இரண்டு பெரிய கதவுகள், மூலையில் விறகு அடுப்பு, அடுப்பின் மேல் எப்போதும் ஒரு காபிக் கெண்டி. சோல்வெய்க்கு அறுபது ஆகப்போகிறது. காது மூடும் குல்லாயை உள்ளேயும் கழற்றமாட்டாள். நாங்கள் நுழைந்ததும் காபியை ஊற்றி, ஆளுக்கு ரெண்டு துண்டு பாலாடைக்கட்டியை, இங்கே எல்லோரும் செய்வதுபோல், அதில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியைப் பார்த்தாள்.

"சாவியைத் திருப்பு ஐரி. கேக்கறேன்."

ஐரி திருப்பினாள். விர்ர்ர் என்று ஒரே சீராகச் சுற்றியது. சோல்வெய் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"போதும். எடையே இல்லாம சுத்துது பாத்தியா? நல்ல எஞ்சின்னா டுக் டுக் டுக்குன்னு முக்கணும். காத்தை அமுக்குறதுக்குக் கஷ்டப்படணும். இது தையல் மெஷின் மாதிரி ஓடுது. உள்ள அழுத்தம் இல்ல."

"அழுத்தம் இல்லன்னா?"

"அளந்து பாத்துட்டுச் சொல்றேன். அதுக்குள்ள மூஞ்சியை அப்படி வச்சுக்காத."

நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாகத் துணிமேல் வைத்தாள். நான்கும் ஈரமாக இருந்தன. பெட்ரோல் வாடை அடித்தது. எரிபொருள் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி மேல்பையில் போட்டுக்கொண்டாள். பிளக் இருந்த முதல் ஓட்டையில் அழுத்தமானியைத் திருகி இறுக்கினாள்.

"ஆக்ஸிலேட்டரைத் தரை வரைக்கும் மிதி. நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் சுத்து."

ஆறு சுற்று சுற்றியது. முள் குதித்துக் குதித்து ஏறி நின்றது.

"நாலரை," என்றாள். சுவரில் தொங்கிய அட்டையில் பென்சிலால் எழுதினாள். "பன்னெண்டாவது வரணும். குளிருக்குப் பத்து வந்தாலும் ஒத்துக்குவேன்."

இரண்டாவதில் நாலு. மூன்றாவதில் நாலரை. நாலாவதில் நாலு.

ஐரி காரின் கதவைத் திறந்துவைத்தபடி சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். பஸ்ஸில் வரும் பதினொரு பேரும் மத்தியானம் அவள் கையால்தான் சாப்பிடுகிறார்கள்.

"எஞ்சின் போயிடுச்சா சோல்வெய்? நேராச் சொல்லு."

"இரு. இன்னும் ஒண்ணு பாக்கணும்."

எண்ணெய்க் குப்பியின் மூக்கை ஓட்டைக்குள் விட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் அளவுக்கு எண்ணெய் விட்டாள். மறுபடி சுற்றச் சொன்னாள். இந்தத் தடவை சத்தமே மாறிவிட்டது. முக்கி முக்கிச் சுற்றியது. முதல் சிலிண்டர் பதினொன்றைத் தொட்டது. மற்ற மூன்றும் அப்படியே.

"எண்ணெய் ஊத்தினா ஏறுதுன்னா பிஸ்டன் ரிங் தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம்," என்று நான் சொன்னேன். எங்கேயோ படித்தது.

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க. நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நெனச்சேன்." அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆனா நாலரை, நாலு, நாலரை, நாலு. ரிங் தேஞ்சா ஒண்ணு ஒன்பது காட்டும், இன்னொண்ணு ஆறு காட்டும். நாலும் கூடிப் பேசிக்கிட்டு ஒரே நாள்ல சாகாது. டைமிங் பெல்ட் நழுவினா நாலும் ஒண்ணா விழும். ஆனா அதுக்கு எண்ணெய் ஊத்தினாலும் ஏறாது."

எண்ணெய் அளக்கும் குச்சியை உருவினாள். துடைத்து, விட்டு, மறுபடி உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். மேல் கோட்டுக்கும் மேலே விரல்கடை அளவுக்கு எண்ணெய் ஏறியிருந்தது. மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தாள். என்னிடமும் நீட்டினாள். எண்ணெய் வாடையே இல்லை. பெட்ரோல் பங்க்கில் நிற்பதுபோல் இருந்தது.

அவள் முகம் தெளிந்துவிட்டது. சிரிக்கவே செய்தாள்.

"எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல ஐரி. குளிச்சிருக்கு, அவ்வளவுதான். குளிர்ல எடுத்தா அது நிறைய பெட்ரோலைக் குடிக்கும். எடுத்த உடனே அணைச்சா அந்தப் பெட்ரோல் எரியாம நின்னு, சிலிண்டர் சுவத்துல இருக்கற எண்ணெயைக் கழுவிடும். எண்ணெய் இல்லன்னா ரிங்குக்குப் பிடிப்பு இல்ல, காத்து கீழ ஓடிடும். ஒரு தடவை செஞ்சா தாங்கும். இதை யாரோ வாரக்கணக்கா செஞ்சிருக்காங்க. எடுக்கறது, அணைக்கறது, எடுக்கறது, அணைக்கறது. இந்த ஊர்ல ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரியும், குளிர்ல எடுத்த வண்டியை உடனே அணைக்கக்கூடாதுன்னு. யாருக்குடி சாவியைக் குடுத்த? ஸ்டாக்ஹோம்லேருந்து சொந்தக்காரங்க வந்தாங்களா?"

"யாரும் வரல," என்றாள் ஐரி. "ரூனே மட்டும்தான் எடுக்கறான். தினமும் டவுனுக்குப் போயிட்டு வரான். பழக்கம் விட்டுப்போகக்கூடாதுன்னு."

"டவுனுக்கா?"

"போக முப்பத்தெட்டு, வர முப்பத்தெட்டு. தினமும்."

சோல்வெய் சிரிப்பை நிறுத்தினாள். காரின் கதவு ஓரத்தில் அவளே ஒட்டிவைத்த எண்ணெய் மாற்றிய சீட்டைக் குனிந்து பார்த்தாள்.

"மூணு வாரத்துக்கு முன்னாடிதான் எண்ணெய் மாத்தியிருக்கேன். ஒரு லட்சத்து எண்பத்துநாலாயிரத்து முந்நூத்திப் பத்து கிலோமீட்டர்ல. உன் முன்னாடி இப்ப என்ன காட்டுது?"

ஐரி ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த எண்ணைப் படித்தாள். பிறகு இன்னொரு தடவை, ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள்.

"முந்நூத்தித் தொண்ணூறு."

அடுப்பில் ஒரு விறகு சரிந்தது.

"எண்பது கிலோமீட்டர்," என்றாள் ஐரி. "போன வாரத்துக்கு முந்தின வாரம் பல் டாக்டர்கிட்ட போனேன். அது நான் ஓட்டினது. எழுபத்தாறு. அன்னிக்கு இங்கேயிருந்து வீட்டுக்கு ஒண்ணு. இப்ப கயிறு கட்டி இழுத்தது ஒண்ணு." விரலை மடக்கிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "மீதி ரெண்டு."

சோல்வெய் ஒரு சாக்குத்துணியை எடுத்து, ஏற்கனவே துடைத்த கையை மறுபடி துடைத்தாள்.

"நர்ஸ் எனக்குப் போன் பண்ணினா," என்றாள் ஐரி. "ஊராட்சி ஆபீஸ் நர்ஸ், வேலைக்குத் திரும்பலாமான்னு எழுதறவ. புருஷன் வண்டி ஓட்டறாரான்னு கேட்டா. தினமும் ஓட்டறான்னு சொன்னேன். ஒரு பயமும் இல்லாம ஓட்டறானான்னு கேட்டா. ஆமான்னு சொன்னேன். நான் சொன்னதை எழுதிக்கிட்டா."

அப்போதுதான் பக்கக் கதவு திறந்தது. ரூனே பனியில் காலால் உதைத்துத் தள்ளும் சறுக்கு வண்டியில் வந்திருக்கிறான். அதைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. புருவமெல்லாம் உறைபனி. உள்ளே வந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்தான், கழற்றி வைத்த பிளக்குகளைப் பார்த்தான்.

ஐரி சீட்டைவிட்டு இறங்கவில்லை.

"நேத்து டவுன் பெட்ரோல் பங்க்குல ஹோக்கானைப் பாத்தேன்னு சொன்னியே ரூனே."

அவன் குல்லாயைக் கழற்றினான்.

"முடி வெட்டியிருக்கான்னு சொன்ன. பாக்கச் சகிக்கலன்னு வேற சொன்ன. நான் சிரிச்சேன்."

"வெட்டியிருப்பான்."

"பாத்தியா, பாக்கலையா?"

"பாக்கல."

"புதன்கிழமை ரோட்டுல மான் கூட்டம் நின்னுச்சு, கால் மணி நேரம் நின்னேன்னு சொன்னது?"

"அதுவும் இல்ல."

நான் வெளியே போகலாமா என்று பார்த்தேன். சோல்வெய் கண்ணாலேயே இரு என்றாள். ஏன் என்று தெரியவில்லை. ஒருவேளை அவளுக்கும் தனியாக நிற்கப் பிடிக்கவில்லையோ என்னவோ.

ரூனே டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தான். பேச ஆரம்பித்தபோது தரையைப் பார்த்தே பேசினான்.

"எஞ்சினைச் சூடா வச்சிருக்கற ஹீட்டர் ஏழு மணிக்கு அணைஞ்சிடும். நீ ஆறரைக்குக் கிளம்பிடுவ. நான் பத்து மணிக்குத்தான் வெளிய போவேன். அப்பத்தான் தெருவுல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. எடுப்பேன். தபால் பெட்டி வரைக்கும் போவேன். சில நாள் அது வரைக்கும்கூட இல்ல. அங்க நின்னு ரோட்டைப் பாப்பேன். ஏதாவது போச்சுன்னா பனி எழும்பும் இல்லியா. எழும்பின உடனே கை போய் சாவியை அணைச்சிடும். நான் அணைக்கல. கை அணைச்சிடும்."

"அப்புறம்?"

"அப்புறம் மறுபடி எடுப்பேன். இப்பப் போயிடலாம்னு. ஒரு நாள் எட்டு தடவை எடுத்தேன்."

"இருபத்திரெண்டு வருஷம் வண்டி ஓட்டினவன் நீ," என்றாள் சோல்வெய். "இந்தக் குளிர்ல எடுத்த எடுப்புல அணைச்சா என்ன ஆகும்னு உனக்கா தெரியாது?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா செஞ்ச?"

"அந்த நேரத்துல எஞ்சினைப் பத்தி யார் நெனச்சா சோல்வெய்?"

ஐரி இப்போது இறங்கினாள். அவனுக்கு எதிரே வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் கோபம் வந்தால் இன்னும் மெதுவாகத்தான் பேசுவார்கள்.

"திங்கக்கிழமை என்ன செய்யறதா இருந்த?"

"போறதா இருந்தேன்."

"தபால் பெட்டியைத் தாண்ட முடியாதவன் பதினோரு பிள்ளைங்களை ஏத்திக்கிட்டா?"

"பஸ்ல வேற மாதிரி இருக்கும்னு நெனச்சேன். உசரமா உக்காந்திருப்போம். பிள்ளைங்க இருந்தா கை சும்மா இருக்கும்னு நெனச்சேன்."

"நெனச்ச."

"எல்லாரும் நல்லவிதமாப் பேசிட்டாங்க ஐரி. கடையில, சர்ச்சுல, ஷெல்கூட. காப்பாத்தினவன்னு சொல்லிட்டாங்க. காப்பாத்தினவன் எப்படிப் போய் எனக்கு பயமா இருக்குன்னு சொல்றது?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம். ஊர்கிட்ட சொல்ல வேண்டாம். எங்கிட்ட."



சோல்வெய் வேலையில் இறங்கிவிட்டாள். பழைய எண்ணெயை வடித்தாள். தண்ணீர்போல் மெலிதாக ஓடியது. ஃபில்டரை மாற்றிப் புது எண்ணெய் ஊற்றினாள். பிளக்குகளை அடுப்பின் விளிம்பில் வைத்துக் காயவைத்து மாட்டினாள், பையிலிருந்த ஃபியூஸையும் திரும்பச் செருகினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஐரி ஒரு கோப்பை காபியைக் கொண்டுபோய் ரூனேயின் பக்கத்தில் டயர்மேல் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை, வைத்தாள்.

"யாராவது ஏறுங்க," என்றாள் சோல்வெய். "முதல்ல தரை வரைக்கும் மிதிச்சுச் சுத்தணும். பிடிச்ச உடனே சீரா மிதிச்சுப் பிடிக்கணும். அப்புறம் அரை மணி நேரமாவது ரோட்டுல ஓடணும். நடுவுல அணைச்சா திரும்பவும் இதே கதைதான், நான் திரும்பவும் இதே வேலை செய்ய மாட்டேன்."

ஐரி டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ரூனேயைப் பார்த்தாள். அவன் எழுந்து வந்து உட்கார்ந்தான். அவள் சுற்றிப்போய் அந்தப் பக்கம் ஏறினாள்.

முதலில் ஒரு சிலிண்டர் மட்டும் தும்மியது. பிறகு இரண்டு. பட்டறை முழுக்க வெள்ளைப் புகை. சோல்வெய் பெரிய கதவை மேலே ஏற்றினாள். வண்டி உதறி உதறி, மூன்று, பிறகு நான்கும் பிடித்தது. சத்தம் சீரானது. ரூனேயின் கால் அந்த வேலையை அழகாகச் செய்தது. ஒரு இழை கூடவில்லை, குறையவில்லை. டிரைவர்தான் அவன், அதில் சந்தேகமே இல்லை.

"போ இப்ப," என்றாள் சோல்வெய். "டவுன் வரைக்கும் போயிட்டு வா."

கியரைப் போட்டான். வண்டி கதவைத் தாண்டி முற்றத்துக்கு வந்தது. ரோட்டுக்கு இருபது அடி இருக்கும்போது, கிழக்கேயிருந்து மர லாரி ஒன்று வந்தது. சனிக்கிழமையும் ஓட்டுகிறார்கள். அது கடந்து போனதும் பின்னால் பனி ஒரு சுவராக எழுந்து எங்கள்மேல் விழுந்தது. காரே தெரியவில்லை.

"அணைக்காதடா!" என்று சோல்வெய் கத்தினாள்.

பனி அடங்கியது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் கிட்டே போனேன். ரூனேயின் வலது கை சாவிக்கு ஒரு விரல்கடை தூரத்தில், காற்றில் நின்றது. ஐரி அதைப் பிடிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை மெதுவாக இறக்கி முழங்கால்மேல் வைத்தான். கியரை எடுத்தான். ஆக்ஸிலேட்டரை மட்டும் சீராக மிதித்தபடியே சொன்னான்:

"போனைக் குடு."

"யாருக்கு?"

"உல்லா-காரினுக்கு."

பள்ளி வண்டிகளுக்கு ஆள் போடுகிறவள் அவள். சனிக்கிழமையும் போனை எடுப்பாள். ஜன்னல் பாதி இறங்கியிருந்ததால் அவன் பேசியது எல்லாம் எங்களுக்குக் கேட்டது.

"ரூனே பேசறேன். திங்கக்கிழமை நான் வரல... காய்ச்சல் இல்ல... முட்டியும் இல்ல. ஓட்ட முடியல. எங்க வீட்டுத் தபால் பெட்டி வரைக்கும்தான் போக முடியுது... ஆமா. இவ்வளவு நாளா பொய் சொன்னேன். ஐரிகிட்டயும் பொய்தான் சொன்னேன், அவ சொன்னதை நம்பித்தான் நர்ஸ் எழுதினாங்க, அதையும் எழுதிக்கோ... எப்ப வருவேன்னா? தெரியல உல்லா-காரின். வருவேனான்னே தெரியல."

அந்தப் பக்கம் நீண்ட நேரம் பேச்சு நடந்தது. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"ஆள் இல்லன்னா பிள்ளைங்களை அவங்கவங்க வீட்டு ஆளுங்களையே பள்ளிக்கூடத்துல கொண்டுவந்து விடச் சொல்லு. காரணம் கேப்பாங்க. சொல்லிடு. மறைக்காத."

போனை அவளிடம் கொடுத்துவிட்டு, "நீ ஓட்டு," என்றான்.

கால் மாற்றுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. சத்தம் இறங்கவிடக்கூடாது. சோல்வெய் பனி பெருக்கும் பிரஷ்ஷைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக விட்டு, அதன் கட்டையால் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்தாள். இரண்டு பேரும் இறங்கி வண்டியைச் சுற்றி நடந்தார்கள். முன்பக்கத்தில் இருவரும் எதிரெதிரே வந்தபோது ஐரி நின்று ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. அவன் எங்கள் ஊர் வழக்கப்படி மூச்சை உள்ளே இழுத்து ஆமாம் சொன்னது மட்டும் தெரிந்தது.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். ஐரிதான் ஓட்டிவந்தாள். ரூனே இருந்த பக்கம் வெயில் மறைப்புத் தகடு கீழே இறக்கியிருந்தது. அன்று வெயிலே இல்லை.

சோல்வெய் வெறுமனே கையை ஆட்டினாள். அவர்கள் போன பிறகு அட்டையில் எழுதியிருந்த நாலரை, நாலு, நாலரை, நாலை அழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுத் திரைகள் திறக்கவில்லை. ஊரில் பேசினார்கள். பேசாமல் இருப்பார்களா? கடைக்காரர், "பிள்ளைங்களை வச்சு விளையாடப் பாத்திருக்கான்," என்று சொன்னாராம். "நேரத்துல சொன்னானே, அதைப் பாரு," என்று அவர் பெண்டாட்டி சொன்னாளாம். பதினொரு பிள்ளைகளுக்கு ஆறு வண்டி ஏற்பாடாயிற்று.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் முற்றத்தில் பனி வாரிக்கொண்டிருந்தேன். ஐரி எப்போதும்போல ஆறரைக்கே போய்விட்டாள். ஷெல்லின் வண்டி வந்து அவர்கள் வீட்டு எதிரே நின்றது. முன்னால் அவன் பக்கத்து வீட்டுப் பையன், பின்னால் எல்வீரா. ஷெல் இறங்கிப்போய்க் கதவைத் தட்டினான்.

ரூனே திறக்க நேரமாயிற்று. சவரம் செய்யவில்லை.

"சொல்லு ஷெல். என்ன சொல்லணுமோ சொல்லிடு."

"கோவமாத்தான் இருந்தேன். சனிக்கிழமை பூரா. என் பொண்ணு உன் பஸ்ல ஏறியிருப்பா."

"ஆமா."

"இன்னிக்கு சாயங்காலம் பேசலாம் அதை. இப்ப நேரமில்ல, பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல விடணும், ஏரி வளைவு வழியாத்தான் போகணும். அந்த வளைவுல லாரி எத்தனை மணிக்கு வரும், எங்க ஒதுங்கி நிக்கலாம்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். பின்னால ஒரு இடம் இருக்கு."

"நான் எதுக்கு ஷெல்? என்னால முடியாது."

"ஓட்டச் சொல்லலியே. உக்காருன்னுதான் சொல்றேன்."

ரூனே காரைப் பார்த்தான். எல்வீரா பக்கத்து சீட்டிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் உள்ளே போய்விட்டான். அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஷெல்லும் அப்படித்தான் நினைத்துத் திரும்பி நடந்தான். பிறகு ரூனே பூட்ஸை மாட்டிக்கொண்டு, லேஸ் கட்டாமல் வெளியே வந்தான்.

பின்கதவைத் திறந்து, குனிந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். ஏறி உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் முன்னாலும் பக்கத்திலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டான்:

"எல்லாரும் பெல்ட் போட்டாச்சா?"

"நீதான் போடல ரூனே," என்றாள் எல்வீரா.